மோந்து பார்த்து வரவேற்றோம்

போன வியாழக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்து ஒரு கோப்பை பிளேன்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி இறங்கி வந்தார். ஆறாம் ஆண்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வரவேற்பு விழாவாம். பழைய மாணவர் என்ற முறையில் நான் சிறப்பு அதிதியாம். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளை மேலும் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்புவதுதான் என் வேலையாம். அதற்கென்று பசாரில் வாங்கிய பன்னீர்ப் போத்தல்களில் ஒன்று பையில் மூடி கழன்று ஒழுகியிருந்தது. அழைப்பிதழை நீட்டியபோது அட்டை நனைந்து என் விரல்களெல்லாம் அந்த மணம்.

முழங்கால் வலி, மூன்று மணித்தியாலம் நிற்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் மூன்று மைல் நடக்கிறேன். அந்த வாசலில் இன்னொரு தடவை போய் நின்று பிள்ளைகளை வரவேற்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். நான் அங்கே நின்று வரவேற்ற இலட்சணம் எனக்குத் தெரியும்.

இந்த விழாக்கள் மீது எனக்குப் பொதுவாகவே ஒரு எரிச்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருட விழாவின் வீடியோவை யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். கட்டப்பட்டிருந்த பனரில் பெரிய மனிதர்களின் முகங்கள் வரிசையாக. பிள்ளைகள் ஒரு மூலையில் முத்திரை அளவுக்கு. பிரதம அதிதி வரும்வரை புதுச் சப்பாத்தோடு அத்தனை பிள்ளைகளும் வெயிலில். அதிலும் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் நெஞ்சில் பட்டியோடு முன்னால், மற்றவர்கள் பின்னால். பக்கத்து வீட்டு மருமகளின் மகன் பின்வரிசை. ஒன்பது நிமிட வீடியோவில் அவனுடைய தலைமயிர் மட்டும் இரண்டு தடவை தெரிகிறது. அதை அவள் என்னிடம் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். உள்ளே வர முன்னமே பிள்ளையைத் தரம் பிரிக்காவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் தூக்கம் வராது. இவர்கள் பன்னீர் தெளித்துக்கொண்டு செய்கிறார்கள். நாங்கள் மோந்து பார்த்துச் செய்தோம்.

மோந்து பார்த்து என்றால் மூக்கால்தான், வேறு பொருள் ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கல்முனைப் பக்கத்து ஆளென்றால் நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள், ஊகமும் பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் ஐந்தாம் வகுப்புவரை ஆளாளுக்கு அவரவர் தெருப் பள்ளிக்கூடம். பிரவேசப் பரீட்சை எழுதி ஆறாம் வகுப்புக்குத்தான் எல்லாரும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பிள்ளைகள், மருதமுனை நெசவுக்காரர் பிள்ளைகள், நாவிதன்வெளிப் பக்கமிருந்து வயல்காரர் பிள்ளைகள், பிறகு பசாரில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள். முதல் நாள் காலை, பெரிய வகுப்புப் பொடியன்மார் ஏழெட்டுப் பேர் வாசலில் நிற்பார்கள். உள்ளே போகும் ஒவ்வொருவனையும் பிடித்துக் கழுத்துப் பட்டிக்குள் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பார்கள். இழுத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள்: கடல், சாயம், வட்டை, பசார். வட்டை என்பது நாங்கள் வயல்வெளிக்குச் சொல்லும் பெயர்.

தீர்ப்பின்படி நான்கு வரிசை. பசார் வரிசைக்கு ஒரு வேலையும் இல்லை. நேரே போய் முன்வாங்கில் உட்காரலாம். சாய வரிசை முதலாம் தவணை முழுக்கக் கரும்பலகை துடைக்க வேண்டும். வட்டை வரிசை பெரியவர்களின் சைக்கிளைத் துடைக்க வேண்டும். கடல் வரிசை கடைசி வாங்கு, கழிவுநீர்க் கானோரத்து யன்னல் பக்கம், அதோடு குடிதண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. கடல் வரிசைக்காரனுக்குத் தாகம் எடுத்தால் வேறு வரிசைக்காரன் வார்த்துவிட வேண்டும். இதெல்லாம் ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அவர்களிலும் பாதிப் பேர் அதே வாசலால் மோந்து அனுப்பப்பட்டவர்கள்தான். பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் வாசலில் நிற்கிற நேரம் அதிபர் உள்ளே வரவேற்புரையை மனனம் செய்துகொண்டிருந்திருப்பார்.

எங்கள் தெரு கடலடியில் ஆரம்பிக்கும், எங்கள் வீடு அதில் நான்காவது. வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வளவு முழுக்கப் பன்னாங்குப் பாய் விரித்து நெத்தலியும் பாரையும் காய்ந்துகொண்டிருக்கும். தலையணை, கொப்பி, உம்மாவின் கைத்தலம் எல்லாம் ஒரே மணம். எங்களுக்கு அது மணமாகத் தெரியாது. ஊரார் மூக்கைச் சுளித்தால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரியவரும். அடுத்த வளவு கலீலுடையது. அவனுடைய வாப்பா கரைவலை இழுக்கிறவர்.

கலீலை உங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மெலிந்தவன், முன்பல் ஒன்று பாதி உடைந்தவன், பேச்சு குறைவு. ஆனால் கணக்கு என்றால் அவனுக்கு விளையாட்டு. நான் பென்சிலைத் தீட்டி முடிக்க முன் விடையைச் சொல்லிவிட்டுக் காகத்துக்குக் கல்லெறிந்துகொண்டிருப்பான். பின்னக் கணக்கு எனக்குப் புரிந்ததே அவன் ஈர மணலில் விரலால் கோடு கீறிக் காட்டிய பிறகுதான். அந்த மணல் பாடம் இல்லாவிட்டால் நான் பிரவேசப் பரீட்சையில் தேறியிருக்க மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து அந்த வருடம் தேறியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்றாகப் போய் ஒன்றாக வர வேண்டும் என்று இரண்டு உம்மாமாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

மோந்து பார்க்கும் விஷயம் எனக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். சாச்சியின் மகன் ஒருவன், அவனும் கடல் வரிசையில் நின்றவன், எல்லாவற்றையும் ருசித்து ருசித்துச் சொன்னான். அந்த ஒரு கிழமை நான் பட்ட பாடு. ஒரு புதுச் சவர்க்காரக் கட்டி என் உடம்பிலேயே கரைந்தது. சட்டையைத் தேசிக்காய் பிழிந்து தோய்க்கச் சொல்லி உம்மாவிடம் அடம்பிடித்தேன். உம்மா காரணம் கேட்டா, நான் சொல்லவில்லை. கலீலிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் நேர்மையான பதில் ஒன்று உண்டு: அவன் மாட்டினால் நான் தப்பலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை அதுவும் போதாது என்று பட்டது. வாப்பாவுக்கு மூத்த நானா, அதாவது என் மூத்தவாப்பா, எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய அலுமாரியின் மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சின்னச் சின்ன அத்தர்ப் போத்தல்கள் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கதிரையில் ஏறி ஒன்றை எடுத்துக் கழுத்திலும் கக்கத்திலும் சட்டைப் பட்டியிலும் பாதிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டேன். வெளியே வந்தபோது கலீல் புத்தகப் பையோடு காத்துக்கொண்டிருந்தான். நல்ல மணமாக இருக்கிறது, தனக்கும் ஒரு துளி தா என்றான். முடிந்துவிட்டது என்றேன்.

வாசலில் பெரிய சந்தடி. தலைமை தாங்கியவன் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன். உயரம், நீண்ட மூக்கு, மேலுதட்டில் கறுப்பாக மயிர் அரும்பியிருந்தது. எல்லாரும் அவனை மூக்கர் காக்கா என்றார்கள். கலீல் எனக்கு முன்னால். மூக்கர் குனிந்து இழுத்தான். இழுத்துவிட்டுப் பின்வாங்கி, கையால் காற்றை விசிறி, கடல் என்றான். மற்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். ஒருவன் கலீலின் தொப்பியைத் தூக்கி அதற்குள் மோந்து பார்த்துவிட்டு இன்னொருவனிடம் எறிந்தான். கலீல் அழவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவேயில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை மூக்கர் கண்டுவிட்டான்.

"நீயும் இவன்ட தெருவாடா?"

"இல்ல காக்கா. எனக்கு இவனத் தெரியா."

எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் தெரியுமா? வாய் தடுமாறவில்லை, கண் தாழவில்லை. பதினொரு வயதில் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல வந்ததை நினைத்தால் என்னைப் பிடித்து நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. கலீல் மணலில் விழுந்து கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு கடல் வரிசையில் போய் நின்றான்.

பிறகு என் முறை. மூக்கர் என் கழுத்தில் மூச்சை இழுத்தான், நிமிர்ந்தான், முகம் வெளிறிப்போய் இரண்டடி தள்ளி நின்றான்.

"அல்லாஹ்வே, மையத்து மணம்டா."

என் மூத்தவாப்பா எங்கள் பள்ளிவாசலில் மையத்துக் குளிப்பாட்டுகிறவர், இறந்தவர்களின் உடலைக் கழுவிக் கபனிடுகிறவர் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெட்டியில் இருந்தது பெருநாளைக்குப் பூசும் அத்தர் அல்ல. கற்பூரமும் சந்தனமும் கரைத்துக் கபன் துணியில் பூசுவதற்காக வைத்திருந்தது. ஊரில் ஜனாஸா வீட்டுக்குப் போன எல்லாருக்கும் தெரிந்த மணம் அது. எனக்கும் தெரிந்ததுதான். பயத்தில் மூக்கு வேலை செய்யவில்லை. நொடிக்குள் ஒரு வாங்கு வந்தது, என்னை மல்லாக்கக் கிடத்தினார்கள், நான்கு பேர் தூக்கினார்கள். பெரிய விறாந்தையால் ஊர்வலம். ஒருவன் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்துகொண்டே தூக்கினான், அது நன்றாக நினைவிருக்கிறது. பாதி வழியில் மௌலவி சேர் எதிரே வந்தார். தூக்கியவர்கள் வாங்கைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். மார்க்கத்தை நையாண்டி செய்ததற்காகப் பிரம்படி முழுக்க வாங்கில் கிடந்த எனக்கு.

இந்தக் கூத்தில் ஒரு இலாபம் கிடைத்தது. மையத்துக்கு ஊர் ஏது, வரிசை ஏது என்று என்னை ஒரு வரிசையிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நான் மெல்ல நழுவிப் பசார் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டேன். ஒரு வருடம் எனக்கு மையத்து என்று பட்டம் இருந்தது. ஆனால் நான் கடற்கரைக்காரன் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் அதிபர் எழுந்து, இந்தப் பள்ளிக்கூடம் உங்கள் வீடு, இங்கே எல்லாரும் சகோதரர்கள் என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார். நான் முன்வாங்கிலிருந்து கை தட்டினேன்.

அதற்குப் பிறகு நானும் கலீலும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் சுற்றுப்பாதையால் பசார் பக்கமிருந்து வருவேன். கலீல் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய உம்மாதான் வேலிக்கு மேலால் எட்டி, ரெண்டு பேரும் சேர்ந்து போறல்லையா மனே என்று கேட்டா. எனக்கு வெள்ளன ஓதல் வகுப்பு இருக்கிறது என்றேன். அவ நம்பினா, மாசா அல்லாஹ் என்றும் சொன்னா.

எங்கள் வகுப்பாசிரியர் வீரமுனையிலிருந்து தினமும் சைக்கிளில் வரும் ஒரு கணித சேர். நெற்றியில் திருநீறு, கையில் மடக்கிய குடை, யாரையும் அடிக்காதவர். எங்கள் தெருக்களோ, யார் எந்த வீடு என்பதோ அவருக்குத் தெரியாது. வரிசைகளைப் பற்றியும் தெரியாது. அதனால்தான் கடைசி வாங்கில் இருந்தவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். கலீல் வந்து கணக்கைச் செய்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் கூப்பிட்டார். மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக் கணக்கொன்றைக் கொடுத்தார், அதையும் செய்தான். சேர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அவனைச் சற்று நேரம் பார்த்தார். இந்தப் பொடியனை நான் பல்கலைக்கழகம்வரை பார்க்க வேணும் என்று வகுப்புக்குக் கேட்கச் சொன்னார். நான் முன்வாங்கில் இருந்தேன், என் வயிறு எரிந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

இரண்டாம் தவணையில் கலீலின் வாப்பாவுக்குத் தோணி இறக்கும்போது காலில் அடி. வலைக்கு ஆள் குறைந்ததால் கலீல் போக வேண்டி வந்தது. பத்து நாள், பதினைந்து நாள் என்று அவன் வரவில்லை. நான் காலையில் சுற்றுப்பாதையால் போகும்போது தூரத்தில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்து இழுப்பவர்களுக்குள் அவனைக் காண்பேன். ஒரு திங்கட்கிழமை சேர் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு, பேனையைத் திறந்துவிட்டு, வகுப்பை நிமிர்ந்து பார்த்தார்.

"கலீல்ட வீட்டுக்குக் கிட்ட ஆர் இருக்கிற?"

கடல் வரிசையில் இருந்த மற்றவர்கள் சாய்ந்தமருதுப் பக்கம். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

"பேரை வெட்டச் சொல்லி அதிபர் சொல்லிப்போட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருக்கா வந்தாக் காணும், நான் பாத்துக்கொள்ளுவன். போய்ச் சொல்ல ஒருத்தரும் இல்லையா?"

மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவருடைய கண் வாங்கு வாங்காகப் போய் என்னிலும் வந்து போனது. கையை உயர்த்துவதற்கு என்ன பாரம்? ஆனால் உயர்த்தினால் நான் கடற்கரை. மூக்கருக்கு அன்று மத்தியானமே தெரியவரும். நான் கடைசி வாங்குக்குப் போக வேண்டும், தண்ணீரை இன்னொருவன் வார்த்து நான் கையேந்தி நின்று குடிக்க வேண்டும். நான் மேசையில் இருந்த மைக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று பின்னேரமும் கலீலின் வேலியைக் கடந்துதான் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இடைவேளைக்கு முன் சேர் அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

தெருவில் என்ன கதைத்தார்கள் தெரியுமா? கலீலுக்குப் படிப்பு ஏறவில்லை என்று. என் உம்மாகூட அதையே சொல்லி, கருவாட்டுக்காரன் மகன் படிக்கிறான் என்று என் தலையைத் தடவினா. நான் தலையைக் குனிந்து தடவக் கொடுத்தேன். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகள் வந்தபோது ஏழாம் வகுப்பிலிருந்து வாசலுக்குக் கேட்டுப் போனவர்களில் நான் முதலாள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் மூக்கு நல்ல மூக்கு என்று பேர் வாங்கினேன். கடற்கரைப் பிள்ளையை நான் தவறவிட்டதே இல்லை.

வருடங்கள் போயின. நான் கல்விக் கந்தோரில் எழுதுவினைஞர் ஆனேன்; முப்பது வருடம் பிள்ளைகளின் இடாப்புகளும் கோவைகளும்தான் என் சோறு. கலீல் வலைக்குச் சொந்தக்காரன் ஆனான். வழியில் கண்டால் ஸலாம் சொல்வான், நானும் சொல்வேன். சுனாமி எங்கள் தெருவை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் இரண்டு வளவும் இருந்த இடத்தில் இப்போது அடம்பன் கொடி படர்ந்து கிடக்கிறது. அவன் வீட்டுத்திட்டத்துக்குப் போனான், நான் பசாருக்குக் கிட்டக் காணி எடுத்து வந்தேன். ஆக, சின்ன வயதில் சொன்ன பொய்யைப் பெரிய வயதில் உண்மையாக்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்பட முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். ஆளுக்கு ஆள் செய்ததை அந்த ஆள் பொருந்தினால்தான் உண்டு. கேட்கிறவர்களும் விவரம் சொல்வதில்லை, பொருந்துகிறவர்களும் விவரம் கேட்பதில்லை. அல்லாஹ்வுக்காகப் பொருந்திட்டம், எங்களுக்கும் துஆ கேளுங்க என்பார்கள், ஒரு தேத்தண்ணி தருவார்கள், முடிந்தது. நான் போகக் கிடைத்த வருடம் ஒரு கிழமையில் நாற்பது வீடு ஏறி இறங்கினேன். முப்பது வருடமாக வழக்குப் பேசிய காணிக்காரன்கூடப் பொருந்தினான்.

கலீலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். காலையில் கடற்கரைக்குப் போனேன். கவிழ்த்த தோணியின் மேல் வலையைப் போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்த மொட்டையான வார்த்தை எதற்காக இருக்கிறது என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை. மனதில் சுத்தம் வர வேண்டும் என்ற ஆசையில், முட்டாள்தனமாக, விவரம் சொல்லத் தொடங்கினேன். வாசலில் அவனைத் தெரியாது என்று சொன்னதைச் சொன்னேன்.

கலீல் சிரித்தான். அந்த அரைப்பல் இன்னும் அப்படியே இருந்தது.

"அத நான் அண்டைக்கே மறந்திட்டன்டா. சின்னப் புள்ளக் கதை. பொருந்திட்டன், போ."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. சேர் கேட்டதையும், மூன்று தரம் கேட்டதையும், வெள்ளிக்கிழமைவரை தவணை கொடுத்ததையும், நான் மைக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். கலீலின் கை வலையில் நின்றது.

"சேர் என்னக் கேட்டவரா?"

"ஓம்."

கடலைப் பார்த்தான். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாப்பாக்குக் கால் சுகமான புறகு, பொத்தகத்தக் கட்டி வெச்சிக்கிட்டு இரிந்தன். பள்ளிக்கூடத்தால ஆராச்சும் கேட்டு வருவாங்க எண்டு. ஒருத்தரும் வரல்ல. நம்மள அவங்களுக்குத் தேவல்ல எண்டு நெனச்சிட்டன். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இரிக்கன்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ ஹஜ்ஜுக்குப் போ. நல்லாப் போயிட்டு வா. மத்த எல்லாத்துக்கும் பொருந்திட்டன். இதுக்குப் பொருந்தமாட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை படியாத மீனை எடுத்துத் திரும்பக் கூடைக்குள் வைப்பதுபோல, சாதாரணமாகச் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் தொடங்கினான்.

போனேன், வந்தேன். அங்கே கஃபாவின் முன்னால் நின்று என்ன கேட்டேன் என்பதை எழுத விருப்பமில்லை. வந்த பிறகு என்னை எல்லாரும் ஹாஜியார் என்றார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசியது. கலீலுக்கு ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் என் மகனிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் போத்தல் கழுவித் திரும்பி வந்தது, வேறு சொல் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடந்தேன். அவன் இருக்கிற இடத்தைத் தாண்டும்போது ஸலாம் சொல்வேன். பதில் ஸலாம் கடமை. அதை அவன் ஒருநாளும் தவறவிடவில்லை. ஐந்து வருடம் இப்படி. என்றாவது ஒருநாள் அவன் கூப்பிடுவான் என்று நான் நினைத்தது உண்மை.

போன வருடம் அஸருக்குக் கொஞ்சம் முன்னால் தோணியடியிலேயே கலீல் மௌத்தாகிவிட்டான். நெஞ்சுவலி என்றார்கள். மறுநாள் காலை பள்ளிவாசலில் சனம் நிறைந்திருந்தது. தொழுகைக்கு முன் எங்கள் வழக்கப்படி அவனுடைய மூத்த மகன் மையத்தைச் சுமந்துவந்த சந்தூக்கின் பக்கத்தில் நின்று, எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க என்று கேட்டான். குரல் உடைந்து இரண்டாம் தரமும் கேட்டான்.

பொருந்திட்டம் என்று ஊர் சொன்னது. நான் முன்வரிசையில் நின்றேன். நானும் வாயைத் திறந்து, பொருந்திட்டன் என்றேன். பிறகுதான் யோசித்தேன், அவன் எனக்குச் செய்தது என்ன என்று. தக்பீர் கட்டித் தொழுகை முடியும்வரை தேடினேன். பொருந்துவதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.